வாசிக்கப்படாத வசனங்கள்

திருப்பலியில் வாசகம் வாசிக்கப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதிகளில் ஒன்று, எண்களை வாசிக்கக் கூடாது என்பது. நூலின் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். விடுதலைப் பயண நூலிலிருந்து வாசகம் என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, வாசிக்கத் தொடங்க வேண்டும். அதிகாரமும் வசன எண்ணும் புத்தகத்தில் தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சாகியிருக்கும். அவை வாசகரின் கண்ணுக்கு மட்டும். விதியில் நியாயம் இருக்கிறது. கோயிலுக்கு வந்தவர்கள் கணக்குக் கேட்க வரவில்லை. ஆனால் சில நாள் அந்த எண்களுக்கு நடுவே ஒரு காற்புள்ளி இருக்கும். 8-14, 22 என்று. 14-இல் நிறுத்தி 22-க்குத் தாவ வேண்டும் என்று அதற்கு அர்த்தம். தாவியது வாசிக்கிறவருக்குத் தெரியும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. தையல் தெரியாமல் இரண்டு துண்டும் ஒட்டிக்கொள்ளும். முடிவில் 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று சொல்லிவிட்டு நாங்கள் இறங்கி வந்துவிடுவோம்.

இருபது வருடங்களுக்கு மேலாக நான் வாசகம் வாசிக்கிறேன். குரல் நன்றாக இருக்கிறது என்பார்கள், உச்சரிப்பு சுத்தம் என்பார்கள். இந்தக் காற்புள்ளியைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை.

கத்தோலிக்கர் அல்லாத தோழிகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். எந்த நாளில் எந்தப் பகுதி என்பதை எங்கள் கோயில்களில் பங்குச் சாமியார் தீர்மானிப்பதில்லை. அதற்கென்று வாசக நூல் இருக்கிறது. அன்றைக்கு ரோமில் வாசிப்பதையேதான் ராதாபுரத்திலும் வாசிப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், விவிலியத்தின் செல்வத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. அதன்படி 1969-இல் புதிய வாசக வரிசை வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்று: மத்தேயு ஆண்டு, மாற்கு ஆண்டு, லூக்கா ஆண்டு. வார நாட்களின் முதல் வாசகத்துக்கு ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படை ஆண்டு என்று இன்னொரு சுற்று. அதற்கு முன்னால் ஒரே ஆண்டுச் சுற்றுதான். பழைய ஏற்பாடு ஞாயிற்றுக்கிழமைகளில் அநேகமாகக் காதில் விழாது, விழுந்தாலும் லத்தீனில் விழும். அதனோடு ஒப்பிட்டால் 1969-இல் நடந்தது பெரிய வேலை, நல்ல வேலை. அதனால்தான் அதில் விட்டுப்போனவை கூடுதலாக உறுத்துகின்றன.

என் ஆச்சிக்கு, அம்மாவைப் பெற்றவளுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. விடியக்காலைப் பூசைக்கு மட்டும் ஒருநாள் தவறமாட்டாள். அந்தக் காலத்துக் கத்தோலிக்க வீடுகளைப் போல அவள் வீட்டிலும் செபமாலை இருந்தது, மாதா படம் இருந்தது, வேதாகமம் கிடையாது. லத்தீன் பூசை நாட்களில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று தனக்குள் சொல்லிக்கொண்டிருக்க, பெண்கள் கீழே உட்கார்ந்து செபமாலை உருட்டுவார்களாம். மணி அடித்தால் தலை குனிய வேண்டும். "சாமி அவரு சோலியப் பாப்பாரு, நாங்க எங்க சோலியப் பாப்போம்" என்பாள். தமிழில் பூசை வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் அறிந்த வேதமெல்லாம் காதால் கேட்டது. கேட்டதை ஒன்றும் மறக்கமாட்டாள். தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை சூசன்னா கதை வாசிப்பார்கள். குளிக்கப் போன பெண்மீது பழி போட்ட இரண்டு கிழவர்களை அவள் வருடம் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பாள். கோயிலில் வாசிக்காதது, அவளைப் பொறுத்தவரை, வேதத்தில் இல்லாதது.

ஆச்சி மருத்துவச்சி. சுற்று வட்டாரத்தில் ஐந்தாறு ஊர்களுக்கு அவள்தான் பேறு பார்த்தாள். ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் போவாள். எல்லாச் சாதி வீட்டுக்குள்ளும் போவாள், அந்த ஒரு இரவுக்கு மட்டும். விடிந்ததும் புழக்கடை வழியாகத் திரும்பி வருவாள், மடியில் கொஞ்சம் நெல்லோ பழைய சேலையோ இருக்கும். அதே வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கு முன்னால் உட்கார்வார்கள்.

இந்த வேலையில் திருச்சபைக்கும் அவளைத் தேவைப்பட்டது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்குக் குருக்களுக்கு ஒரு கடமை வைத்திருந்தது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை விசுவாசிகளுக்கு, அதிலும் மருத்துவச்சிகளுக்கு, சரியாகச் சொல்லித்தர வேண்டும். ஆணும் பெண்ணும் இருக்கிற இடத்தில் ஆணே கொடுக்க வேண்டும், கூச்சத்துக்குரிய இடமாக இருந்தாலோ, பெண்ணுக்கே முறை நன்றாகத் தெரிந்திருந்தாலோ ஒழிய என்றும் அதே சட்டம் சொல்லிவைத்தது. பேறுகால அறையில் ஆண் எங்கிருந்து வருவான்? ஆச்சிக்கு ஒரு வயதான சாமியார் சொல்லிக்கொடுத்தாராம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும். ஓடும்போதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து என்று பழைய போர்த்துக்கீசியத் தமிழில்தான் கடைசிவரை சொன்னாள். பரிசுத்த ஆவி என்று வாய் வரவே இல்லை.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்பதும் அந்தச் சட்டம்தான். ஆச்சியின் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமரத்தடியில் புதைப்பார்கள். அங்கே சிலுவை கிடையாது. கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி கிடையாது. பெற்றவள் எந்த மண்ணைப் பார்த்து அழுவாள்? சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்பதை ஒரு செம்புத் தண்ணீர் முடிவுசெய்தது. அந்தச் செம்பு ஆச்சியின் கையில் இருந்தது. சட்டத்தைப் பொறுத்தவரை பிள்ளைக்கு உயிர் இருந்திருக்க வேண்டும். செத்துப் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மறுநாள் சாமியார் கூப்பிட்டு விசாரிப்பார்.

"மூச்சு இருந்திச்சா ஆச்சி?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நான் இருந்திச்சுன்னு சொன்னா இருந்திச்சு" என்றாள்.

அப்படி எத்தனை பிள்ளைகள் சுவருக்கு உள்ளே போனார்கள் என்று அவள் சொன்னதில்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி சிஎஸ்ஐ. விடுமுறை வேதாகமப் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கி வளர்ந்தவள். ராத்திரி ஒரு அதிகாரம் வாசிக்காமல் படுக்கமாட்டாள். நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவோம், அவள் நாள் தவறாமல் வேதம் வாசிப்பாள். இதை வைத்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம். ஆச்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவள், "அப்ப உங்க ஆச்சி சிப்பிராள் பூவாள் மாதிரியா?" என்றாள். யார் அவர்கள் என்றேன். சிரித்தாள். யாத்திராகமம் முதல் அதிகாரத்தை, எங்கள் வழக்கில் விடுதலைப் பயணத்தை, எடுத்து நீட்டினாள்.

எகிப்தின் அரசன் இரண்டு மருத்துவச்சிகளைக் கூப்பிடுகிறான். எபிரேயப் பெண்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிட வேண்டும், பெண் என்றால் விட்டுவிடலாம். அவர்கள் கொல்லவில்லை. அரசன் மறுபடி கூப்பிட்டு ஏன் என்கிறான். எபிரேயப் பெண்கள் எகிப்தியப் பெண்களைப் போல அல்ல, வலுவானவர்கள், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று எழுதியிருக்கிறது. அந்த அதிகாரத்தில் அரசனுக்குப் பெயர் இல்லை. இரண்டு மருத்துவச்சிகளுக்கும் இருக்கிறது. எங்கள் விவிலியத்தில் சிப்ரா, பூவா.

அதே ஜூலையில் ஒரு திங்கட்கிழமை விடுதிச் சிற்றாலயத்தில் அந்த அதிகாரம் வாசகமாக வந்தது. யோசேப்பை அறியாத புதிய அரசன் வந்தான், மக்களை வேலைவாங்கி வதைத்தான்; உடனே, பிறக்கும் ஆண் பிள்ளைகளை எல்லாம் நைல் நதியில் எறியுங்கள் என்று தன் மக்கள் எல்லோருக்கும் ஆணையிட்டான். நான் காத்துக்கொண்டிருந்தேன், மருத்துவச்சிகள் வரவில்லை. பூசை முடிந்து வாசக நூலைப் பார்த்தேன். 1: 8-14, 22. ஏழு வசனம் தாவியிருந்தது. கதை சொல்கிறவர்கள் யாரும் இப்படி வெட்டமாட்டார்கள். அரசன் ஏன் ஊரையே கூட்டி ஆணையிட வேண்டியிருந்தது? முதல் ஆணை தோற்றுப்போனது, அதனால். தோற்கடித்த இருவரையும் எடுத்துவிட்டால் அவன் கொடுமை மட்டும் மிஞ்சுகிறது. அவனை எதிர்த்தவர் யாரும் இல்லை என்றாகிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த ஏழு வசனங்களையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். 1995-இல் வந்த புதிய திருவிவிலியத்தை அப்போதுதான் வீட்டில் வாங்கியிருந்தோம். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அரசனுக்கு மருத்துவச்சிகள் சொன்ன பதில் வந்ததும் உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு.

"ஏட்டி, பொய்யில்லா சொல்லியிருக்காளுவ, ராசாட்ட! எந்தப் பிள்ள மருத்துவச்சி வாரதுக்கு முன்னால தன்னால வந்திருக்கு? தலப்பிள்ளன்னா ரெண்டு நாளு கெடந்து உருளணும். அவனுக்கு அது என்ன தெரியும், ஆம்பள. நம்பியிருப்பான்."

சாமி அவர்களுக்கு நன்மை செய்ததாகப் போட்டிருக்கிறது என்றேன்.

"பொய் சொன்னதுக்கா?"

"ஆமா ஆச்சி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெயர்களை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சிப்புரா, பூவா என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இதைக் கோயிலில் ஏன் வாசிக்க மாட்டேங்காவ என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "பேறுகாலச் சங்கதியில்லா, சாமியார்மாருக்கு வாசிக்கக் கூச்சமா இருந்திருக்கும்" என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். முப்பது வருடமாக நாள் தவறாமல் தமிழ்ப் பூசை கண்டவள். தன் தொழில் செய்த இரண்டு பெண்கள் தான் சொன்ன பொய்யையே சொல்லி, கடவுளிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்கள் என்பதைத் திண்ணையில் வைத்துத்தான் கேட்டாள்.

சில ஆண்டுகளில் இறந்துபோனாள். அடக்கப் பூசையில் மறையுரை வைத்த சாமியார் அவளைச் செபமாலை தவறாத தாய் என்று புகழ்ந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர், பாவம்.

அதன்பிறகு காற்புள்ளிகளைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மத்தேயு ஆண்டில் 33-ஆம் ஞாயிறு நீதிமொழிகள் 31 வரும், நல்ல மனையாளைப் பற்றிய பகுதி. 10-13, 19-20, 30-31. ஆட்டுமயிரும் சணலும் தேடி நூல் நூற்கிறாள், ஏழைக்குக் கொடுக்கிறாள், ஆண்டவருக்கு அஞ்சுகிறாள். இடையில் விட்டுப்போன வசனங்களில் அதே பெண் வணிகக் கப்பல் போலத் தூரத்திலிருந்து உணவு கொண்டுவருகிறாள், ஒரு நிலத்தை விசாரித்துப் பார்த்து வாங்குகிறாள், தன் கை வருமானத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள், ஆடை நெய்து வணிகருக்கு விற்கிறாள், ஞானத்தோடு பேசுகிறாள். சொத்து வாங்குவதும் வாய் திறப்பதும் வெட்டுக்குள் போய்விட்டன. உரோமையர் 16-ஆம் அதிகாரத்தை வார நாளில் 3-ஆம் வசனத்திலிருந்து தொடங்குகிறார்கள். முதல் இரண்டு வசனத்தில் பவுல் திருத்தொண்டர் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிற பெபேயாள் இருக்கிறாள். பெண்கள் திருத்தொண்டர் ஆகலாமா என்று ஆராய 2016-இலும் 2020-இலும் போப் பிரான்சிஸ் குழு அமைத்தார். குழுவுக்கு முன்னால் அந்த இரண்டு வசனத்தையாவது கோயிலில் வாசித்திருக்கலாம்.

கொலோசையர் 3 திருக்குடும்ப விழாவுக்கு உரிய வாசகம். 12-இலிருந்து 21 வரை, காற்புள்ளியே இல்லாமல். 18-இல் மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்க வேண்டும் என்று வருகிறது. 19-இல் கணவர் மனைவியிடம் அன்பாயிருக்க வேண்டும் என்றும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 22-இல் என்ன என்று புரட்டிப் பாருங்கள். அடிமைகள் எசமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு முன்னாலேயே வாசகத்தை முடித்துவிட்டார்கள். அடிமைக்குச் சொன்னதை இன்றைக்கு எழுந்து நின்று வாசிக்க முடியாது என்று உணர்ந்த அதே குழுவுக்கு, நான்கு வசனம் முன்னால் மனைவிக்குச் சொன்னதில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுவல்ல. நீதித் தலைவர்கள் நூலில் தெபோரா என்று ஒரு பெண் மக்களுக்கு நீதி சொல்கிறாள், படையைக் கிளப்புகிறாள். அவள் கதை வாசக வரிசையில் இல்லை. அதே நூலில் இப்தாவின் மகள் கதை இருக்கிறது, ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆகஸ்டு வாக்கில் ஒரு வியாழக்கிழமை வரும். போரில் வென்றால் என் வீட்டு வாசலில் முதலில் எதிர்வருவதைப் பலி கொடுப்பேன் என்று இப்தா நேர்ந்துகொள்கிறான். ஒரே மகள் மேளத்தோடும் ஆட்டத்தோடும் எதிரே வருகிறாள். அவள் இரண்டு மாதத் தவணை கேட்டுத் தோழிகளோடு மலைக்குப் போய்த் தன் கன்னிமைக்காக அழுதுவிட்டுத் திரும்பி வருகிறாள். அவன் நேர்ச்சையை நிறைவேற்றுகிறான். வாசக எண் 11: 29-39அ. அந்த 'அ'வைக் கவனித்தபோது கை நடுங்கியது. 39-ஆம் வசனத்தின் முதல் பாதியோடு நிறுத்தச் சொல்கிறது. மீதிப் பாதியிலும் 40-லும் என்ன இருக்கிறது? ஆண்டுதோறும் இஸ்ரயேல் பெண்கள் நான்கு நாள் கூடி அவளுக்காகப் புலம்புவது வழக்கமாயிற்று என்று இருக்கிறது.

அதாவது அது ஒரு வழிபாடு. பெண்கள் தாங்களே ஏற்படுத்திய, நாள் குறித்த, ஆண்டு தவறாத வழிபாடு. குரு இல்லை, பலிபீடம் இல்லை. தகப்பன் கொன்ற பெண்ணின் கதை பீடத்திலிருந்து வாசிக்கப்படுகிறது, அவளுக்காக மற்றப் பெண்கள் அழுதது வாசிக்கப்படுவதில்லை. எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கத்தில் மாதாவோடு சேர்ந்து அழலாம், அது கோயிலுக்குள். ஆச்சி செத்த வீட்டில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தபோது உபதேசியார் வந்து, உயிர்ப்பை நம்புகிறவர்கள் இப்படி அழக்கூடாது, செபமாலை சொல்லுங்கள் என்று அடக்கிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை செபமாலை நடந்தது.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் யோவான் 20: 1-9. மகதலா மரியா கல்லறைக்கு வருகிறாள், ஓடிப்போய்ச் சொல்கிறாள், இரண்டு ஆண்கள் ஓடி வந்து பார்க்கிறார்கள், முடிந்தது. அழுதுகொண்டு நின்றவளை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிடுவது 11-ஆம் வசனத்துக்கு மேல். அது அடுத்த செவ்வாய்க்கிழமை வாசகம். உயிர்ப்புக்குப் பிந்திய செவ்வாய்க்கிழமை பூசைக்கு எங்கள் பங்கில் பதினைந்து பேர் வந்தால் அதிகம். 2016-இல் அவளுடைய நினைவுநாளை விழாவாக உயர்த்தினார்கள், ஜூலை 22-இல் அந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது, நல்லது.

குருத்து ஞாயிறு பற்றி ஒன்று. பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். நற்செய்தி எங்கெல்லாம் அறிவிக்கப்படுமோ அங்கெல்லாம் இவள் செய்தது இவள் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் அவர். எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1983-இல் வெளியிட்ட பெண்ணிய இறையியல் நூலுக்கு அந்தச் சொற்களிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். மாற்கு ஆண்டில் குருத்து ஞாயிறுக்கு மாற்கின் 14, 15 அதிகாரங்கள் நீள வாசகம். 15: 1-39 குறுகிய வாசகம். தைலப் பெண் 14-இல் இருக்கிறாள். வெயிலில் குருத்தோலை பிடித்துச் சுற்றி வந்து களைத்திருப்பார்கள் என்று குறுகியதையே எடுப்பார்கள். அவளை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

யாரோ உட்கார்ந்து கத்தரிக்கோலால் பெண்களை மட்டும் வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. சமாரியப் பெண் தவக்காலத்தில் வருகிறாள், மார்த்தா வருகிறாள், ஆகஸ்டு 15-இல் மரியாவின் பாடல் முழுதாக வருகிறது, வல்லவர்களை அரியணையிலிருந்து இறக்குகிற பகுதியும் சேர்த்து. ஆண்களின் கதைகளும் நிறைய விடுபட்டிருக்கின்றன. விவிலியம் பெரியது, நாள் கொஞ்சம். ஆனால் எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறதோ அதைத்தான் மனிதர்கள் வெட்டுவார்கள். அந்தக் குழுவில் பேறு பார்த்தவர் ஒருவர் இருந்திருந்தால் 15-இலிருந்து 21 வரை பரவாயில்லை என்று தோன்றியிருக்காது.

பீடத்தைச் சுற்றி நடப்பதைப் பற்றியும் எழுதலாம், ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவி செய்யலாம், ஆயர் விரும்பினால், என்று ரோம் 1994-இல் சொல்லிவிட்டது. எங்கள் பங்கில் இன்றும் பையன்கள்தான். பெரிய வியாழனன்று பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016-இல் விதி மாறியது. பன்னிரண்டு ஆண்கள்தான், வேட்டி நனையாமல் மடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். அவர்கள் பாதம் துடைக்கும் துண்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பது மாதர் சங்கம். வாசகர் என்ற பணி நிலை 2021 ஜனவரி வரை சட்டப்படி ஆண்களுக்கு மட்டும் உரியது. அதுவரை நான் வாசித்ததெல்லாம் ஆள் இல்லாத குறைக்கு வாசித்ததாம்.

எங்கள் அன்பியத்தில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வியாழக்கிழமை கூடுகிறோம். செபமாலை, பாட்டு, காபி. மூன்று வருடமாக அதில் ஒரு வழக்கம் சேர்ந்திருக்கிறது. வரும் வாரத்து வாசகங்களில் எது விடுபட்டிருக்கிறது என்று நான் குறித்துக்கொண்டு போவேன், யாராவது ஒருவர் வாசிப்பார். 2023 நவம்பரில் நீதிமொழிகளை முழுதாக வாசித்தோம். நிலம் வாங்கும் வசனம் வந்ததும், தோசை மாவு அரைத்து விற்கிற அக்கா ஒருவர் நிறுத்தச் சொன்னார். சீட்டுப் பிடித்த பணத்தில் இரண்டு சென்ட் வாங்கித் தன் பெயரில் பத்திரம் போட்டதற்காக வீட்டுக்காரர் ஆறு மாதம் பேசாமல் இருந்ததைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னாராம், குடும்ப சமாதானத்தைக் கெடுத்துவிட்டேன் என்று. "இத அப்பவே வாசிச்சிருந்தா நான் ஏன் அங்க போய் முட்டி போடுதேன்?" என்றார். இப்தா மகளின் நான்கு நாள் துக்கத்தைக் கேட்டுவிட்டு வயதான ஒருவர், "நாலு நாளா? நம்ம வீட்ல நாலு மணிக்கூறு விடமாட்டாவள" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோயிலில் அர்ப்பணித்த விழா. ஆச்சி காலத்தில் அதற்கு மாதாவின் சுத்திகரத் திருநாள் என்று பெயர். பிள்ளை பெற்ற பெண் நாற்பதாம் நாள் சுத்தமாவது. பெயர் மாறியது நல்லதற்குத்தான். அன்றைய நற்செய்தி லூக்கா 2: 22-40. குறுகிய வாசகம் 32-ஆம் வசனத்தோடு முடிந்துவிடும். சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திப் பாடி முடித்ததும் நிறுத்திவிடலாம். 36-இல்தான் அன்னா வருகிறாள். இறைவாக்கினர், ஏழு வருடம் மட்டும் கணவனோடு வாழ்ந்த கைம்பெண், எண்பத்து நாலு வயது, கோயிலைவிட்டு நீங்காதவள். 2025-இல் அந்த விழா ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. கோயில் நிறைய ஆள் இருக்கும். நற்செய்தியைக் குருவோ திருத்தொண்டரோதான் வாசிக்க முடியும் என்பதால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. நாலு பேர் சேர்ந்து போய் நீள வாசகம் வாசிக்கும்படி பங்குச் சாமியாரைக் கேட்டோம். மெழுகுதிரி மந்திரிப்பு இருக்கிறது, பவனி இருக்கிறது, நேரமாகிவிடும் என்றார். எவ்வளவு நேரம் என்று அன்பியத்திலேயே அளந்து பார்த்திருந்தோம். நிதானமாக வாசித்தாலும் ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் சொன்னோம். "பாக்கலாம்மா" என்றார்.

வாசித்தார். அவசரமாகத்தான் வாசித்தார், ஆனால் அன்னா வந்தாள். பூசை முடிவில் அறிவிப்புகள் பதினொரு நிமிடம் நடந்தன, இதையும் அளந்தோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அரசு மருத்துவமனையில் பேறுகால வார்டில் இருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். கையில் அணைந்த மெழுகுதிரியை வைத்துக்கொண்டு அறிவிப்பு முடியும்வரை ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்.

"சிமியோன் பேசினது பூராம் இருக்குல்லா, பாட்டாவே இருக்கு. அந்தம்மா எல்லார்ட்டயும் பேசினாங்கன்னு மட்டும் போட்டிருக்கு. என்ன பேசினாங்கன்னு புத்தகத்துல இருக்கா, இல்ல அதையும் தாண்டிட்டாரா?"

இல்லை, எழுதியதே அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப வியாழக்கெழம நாம பேசுவோம்" என்றார்.